மருமகளின் மசக்கையும் என் தையல் டப்பாவும்

"நான் வாந்தி எடுத்தப்ப நாடகம்னு சொன்னீங்க. இன்னைக்குப் பையன் இழுத்து இழுத்து மூச்சு விடறான், அதுக்கு நான் அன்னைக்குச் சாப்பிடாததுதான் காரணம்ங்கறீங்க. நாடகமா, நெசமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க அத்தை."

காரின் பின்சீட்டில், தூங்குகிற மகனை மடியில் போட்டுக்கொண்டு என் மருமகள் கோகிலா இப்படிக் கேட்டாள். போன வாரம் சேலத்தில் குழந்தை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஓட்டிய என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்த நான், எதிரே வருகிற லாரிகளின் நம்பரைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பதில் தெரியாத கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மாமியார் உத்தியோகத்தில் பெரிய குறையே, நாம் செய்கிற தப்பை அன்றைக்கே எடுத்துச் சொல்ல மேலதிகாரி யாரும் கிடையாது என்பதுதான். பணியில் இருக்கும் சக மாமியார்களே, பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வருங்கால மாமியார்களே, நான் இதை எழுதுவது பெருமைக்கு அல்ல. என்னால் இன்னும் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பேப்பரைப் பார்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டீசல் சட்டை

எங்களுக்குப் போர்வெல் போடுகிற ரிக் வண்டி இருக்கிறது. அது வடக்கே போனால் திரும்பி வர நான்கைந்து மாதம் ஆகும். மகன் வண்டியோடு போய்விடுவான். கல்யாணமான ஐந்தாம் மாதம் கோகிலா உண்டானது தெரிந்தபோதும் அவன் மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பாறையை ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆக, மசக்கைக்காரிக்கு முழுப் பொறுப்பு நான்.

முதலில் அவளுக்கு ஆகாமல் போனது டீசல் வாடை. என் வீட்டுக்காரர் எங்கள் ரிப்பேர் ஷெட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். "இந்த டீசல்லதான் இந்த வீடே ஓடுது, அதுவே மகாராணிக்கு ஆகலையாமா?" என்று நான் சத்தமாகவே கேட்டேன். அவரோ மறுநாளிலிருந்து ஷெட்டிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். முப்பது வருடமாக நான் சொல்லிக் கேட்காத மனுஷர்! எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். மருமகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறீர்களே என்று ஒரு ஆட்டம் ஆடினேன். தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"எனக்கு ஒரு பக்கெட் தண்ணி, அவ்வளவுதானே புள்ளே. அந்தப் புள்ளைக்குக் கொடலே வெளிய வருது."

நானெல்லாம்

நான் படித்தது சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். ஆண்டுவிழா ஒத்திகையில் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைப்பார்கள். மயங்கி விழுகிறவளுக்கு அனுதாபம் கிடையாது, மன உறுதி இல்லாத பெண் என்று பெயர். நான் ஒருநாளும் விழுந்ததில்லை. அந்த மெடலை நாற்பது வருடமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன் போலிருக்கிறது.

"நானெல்லாம் உண்டாகியிருந்தப்போ ஒருவேளைகூட வாந்தி எடுத்ததில்லை" என்பதை அந்த மாதங்களில் பால் ஊற்றுகிறவளிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், வீடியோ காலில் மகனிடம் சொன்னேன். கோகிலாவிடம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்கள் பாத்ரூம் கதவு தகரக் கதவு, எல்லாம் உள்ளே கேட்கும். ஒருநாள் காலை அந்தக் கதவைத் தட்டி, "ஆச்சா, இன்னும் எத்தனை நேரம் இந்த நாடகம்? ஊருல யாரும் புள்ளை பெத்ததில்லையா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது:

"முடிஞ்சதும் சொல்றேனுங்க அத்தை. நீங்க போய்ச் சாப்பிடுங்க. வெங்காயம் தாளிச்ச வாடை எனக்கு இங்கயே வருது."

மாத்திரை அட்டை

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். தாண்டிப் போனால் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

மூன்றாம் மாதம் டாக்டரம்மா வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று. கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கை கால் சரியில்லாமல் பிறக்கும் என்று எனக்கு வாட்ஸப்பில் எவளோ அனுப்பியிருந்தாள். அனுப்பியவள் டாக்டரா என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தவர் டாக்டர் என்பதையும் யோசிக்கவில்லை. ஃபிரிட்ஜ் மேலே இருந்த மாத்திரை அட்டையை எடுத்து, என் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பேரப்பிள்ளை மேல் இருந்த பயம்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி, மாத்திரை போட்டு அவள் சரியாகிவிட்டால் நான் சொன்ன மன உறுதி என்ன ஆவது என்கிற வீம்பு.

அவள் ஃபிரிட்ஜ் மேலே தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள், தலையணை உறையைக் கழற்றி உதறினாள். நானும் கூடவே தேடினேன். ஆமாம், தேடினேன். வேறு அட்டை வாங்கலாமா என்று கேட்டபோது, "டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன், தேவையில்லைன்னுட்டாங்க. சீரகத் தண்ணி குடி போதும்" என்றேன். நான் யாருக்கும் போன் போடவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள்:

"நாந்தான் எங்கயோ வெச்சுப்போட்டு மறந்துட்டனாட்டம் இருக்குதுங்க அத்தை. தலையே நிக்க மாட்டேங்குது."

சீரகத் தண்ணீர்

நான் அட்டையை ஒளித்த பதினெட்டாம் நாள், துணி காயப்போடப் போனவள் கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள். நாலரைக் கிலோ இறங்கியிருந்தாள்.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். "வாந்திக்கு மாத்திரை எதுவும் சாப்பிடலையா?" என்று கேட்டான். கோகிலா, "தொலைஞ்சுபோச்சுங்க" என்றாள். நான் முந்திக்கொண்டு, இயற்கை வைத்தியத்தின் பெருமையை என் கான்வென்ட் இங்கிலீஷில் ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு பிழை இருக்காது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான்:

"சீரகத் தண்ணி நல்லதுதாங்கம்மா. உள்ள நின்னாத்தானே?"

கட்டுச்சோறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு புது மாத்திரையை அவள் தன் ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப் போட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவள் அம்மா மல்லசமுத்திரத்திலிருந்து வந்து, ஒரு மாதம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார். தோட்டத்து வேலையெல்லாம் போட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து போட்ட பிறகுதான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். அதற்குள் அனுப்பினால், மருமகளுக்குச் சோறு போட முடியாமல் துரத்திவிட்டேன் என்று ஊர் பேசும். "கட்டுச்சோறு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஏழாம் மாதம் விருந்து. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு. எண்பது பேர் முன்னால் அவள் அம்மா ஒரு வாய் ஊட்டினார். அது அப்படியே பட்டுப்புடவை மேல் வந்தது. "எங்க ஊட்டுச் சாப்பாடுதான் புடிக்கலையாக்கும்னு இருந்தேன், பொறந்த ஊட்டுதும் புடிக்கலை!" என்று நான் ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். சம்பந்தியம்மா தன் முந்தானையால் மகளின் வாயைத் துடைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"எம் புள்ள சிரிச்சு ஆறு மாசமாச்சுங்க. நீங்களாச்சும் சிரிங்க."

கண்ணாடிப் பெட்டி

இவ்வளவு வாந்தி எடுத்தால் குழந்தைக்குத் தலை நிறைய முடி இருக்கும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். எட்டாம் மாதமே பிறந்த என் பேரன் தருணுக்கு ஒரு முடிகூட இல்லை. எடை ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள், என் சுண்டுவிரல் மொத்தமே உள்ள கையில் ஊசிக் கட்டோடு படுத்திருந்தான்.

எனக்குப் பயம் வந்தால் குரல் உயரும். "என்ன இவ்வளவூண்டு இருக்கறான்? இவ என்னத்தைத் தின்னா, இவனுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்?" என்று அங்கேயே கத்தினேன். தையல் டப்பா அப்போது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததனால்தான் அப்படிக் கத்தினேன் என்று இப்போது தெரிகிறது. நர்ஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. குழந்தை இப்பத்தான் தூங்குது. அவனோட அம்மா மூணு நாளாத் தூங்கவே இல்லை."

பேரன் கற்ற பாடம்

தருணுக்கு இப்போது நாலு வயது, பன்னிரண்டு கிலோ. பருவம் மாறினால் சளி, சளி பிடித்தால் இழுப்பு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கிற மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. முகமூடியை மாட்டிக்கொண்டு, ரிக் ஓட்டுகிற மாதிரி வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இழுக்கிற மூச்சிலும் அவனுக்கு விளையாட்டுதான்.

வருகிறவர்கள் எல்லாம் ஏன் இப்படி இளைத்திருக்கிறான் என்று கேட்பார்கள். நான் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "அவங்கம்மா அப்போ ஒண்ணும் சாப்பிடலைங்க. அதான்." நாலு வருடத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! போன மாதம் என் நாத்தனார் வந்திருந்தாள். வழக்கமான கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் பேரன் முகமூடியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டை ஒப்பிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். சமையலறையில் கோகிலா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது.

"நான் அம்மா வவுத்துல இருக்கறப்ப அம்மா சோறு திங்கலை. அதான் எனக்கு இழுக்குது."

எழுதித் தர முடியாதது

இனி அந்தக் கார் பயணத்துக்கு வருகிறேன். சேலத்துக் குழந்தை டாக்டர் ஒரு பெண், கண்டிப்பானவர். கர்ப்பத்தில் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று கேட்டார். "வாந்தி ரொம்ப அதிகமுங்க. கொஞ்ச நாள் மருந்து எடுக்க முடியலை" என்றாள் கோகிலா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் நாற்காலி நுனிக்கு வந்து, "அதனாலதானே டாக்டர் இவன் இப்படி இருக்கான்?" என்று கேட்டேன். என்ன பதில் வந்தால் எனக்கு நிம்மதி என்று எனக்கே தெரியவில்லை. ஆமாம் என்றால் குற்றவாளி நான். அதை என்னைத் தவிர யாரும் அறியமாட்டார்கள் என்பதுதான் அப்போது இருந்த ஒரே ஆறுதல்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "குறை மாசத்துல எடை கம்மியாப் பொறந்த குழந்தைங்களுக்கு நெஞ்சுச் சளித் தொந்தரவு கொஞ்சம் அதிகம் வரும். வளர வளர நல்லாவே தேறுவாங்க. ஆனா இந்தப் பையனுக்கு இது அந்த வாந்தியாலதான்னு என்னால எழுதித் தர முடியாது. அதனால இல்லைன்னும் எழுதித் தர முடியாதுங்கம்மா."

இதே ரோடு

இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகும், கார் ஏறி பத்து நிமிடத்தில் என் வாய், "அன்னைக்கு ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா இந்த அலைச்சல் உண்டா?" என்றது. அதற்குத்தான் கோகிலா ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொன்னாள். நான் லாரி நம்பர் படித்தேன்.

சங்ககிரி நெருங்கும்போது, "வண்டியை நிறுத்துங்க மாமா" என்றாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஓரமாக ஓடிப் போய்க் குனிந்தாள். கோபத்தில் செய்கிறாள் என்று ஒரு வினாடி நினைத்தேன். அடுத்த வினாடி புரிந்தது. மறுபடியும் உண்டாகி ஐம்பது நாள் ஆகியிருந்ததாம். வண்டியோடு போயிருக்கும் மகனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"எனக்கெல்லாம் இப்படி..." என்று நான் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது.

"ஏம்புள்ளே, நீ நெசமாவே மறந்துட்டயா? பையன் வவுத்துல இருக்கறப்ப இதே ரோட்டுல மூணு தடவை பஸ்ஸை நிறுத்தினயே. கண்டக்டர் திட்டினான்னு நீ அழுதயே."

சக மாமியார்களே, நான் மறந்திருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன். கண்டக்டர் போட்டிருந்த காக்கிச் சட்டையில் ஒரு பட்டன் இல்லாதது வரைக்கும் அப்போது ஞாபகம் வந்தது.

ஊக்கு

மறுநாள் காலை தையல் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். நூல்கண்டுகளைக் கட்டிலில் கொட்டினேன். அட்டை அடியில் அப்படியே இருந்தது. இரண்டு மாத்திரை போட்ட குழி காலி, மீதி எட்டு பத்திரம். நாலு வருடமாக இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தொடப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். "நாந்தான் எடுத்து வெச்சேன் சாமி. போன் போட்டதும் பொய்" என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியங்கள் நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

அவள் அழுவாள், கத்துவாள், மகனுக்குப் போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவள் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் திரும்ப அடுக்கினாள்.

"தெரியுமுங்க அத்தை. தருணுக்கு மூணு மாசம் இருக்கறப்ப, ஜாக்கெட்டுக்கு ஊக்கு தேடி இந்த டப்பாவைத் திறந்தேன். நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க ஊருக்கெல்லாம் என்னையச் சொன்னீங்க."

அதே கதவு

கோகிலா அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை கட்டுச்சோறு வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை என்று அவளே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். தருணும் கூடப் போகிறான். மெஷினைத் துணியில் சுற்றி அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்தது நான். வைக்கவிட்டாள், அதுவே பெரிது. சம்பந்தியம்மா பத்து மணிக்கு வருகிறார். அவரிடமும் சொல்ல வேண்டும். எண்பது பேர் முன்னால் அடித்த ஜோக்குக்கு எண்பது பேரையும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க முடியாது. அவர் ஒருவரிடமாவது கேட்க வேண்டும்.

நேற்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை நானே போய் வாங்கி வந்தேன். அட்டையை ஃபிரிட்ஜ் மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். இன்றைக்குக் காலை வெங்காயம் தாளிக்கவில்லை. ஆனாலும் ஆறு மணிக்கே தகரக் கதவுக்கு உள்ளே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஏழு மணி ஆனது. ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீரோடு வெளியே போய் நின்றேன். பழக்கத்தில் தட்டுவதற்கு முழங்கையைத் தூக்கி, இறக்கிவிட்டேன்.

மாமியார் உத்தியோகத்தில் நான் கற்றுத் தேறியது இவ்வளவுதான்: வாந்தி எடுப்பவளுக்குப் பேச வாய் இல்லை என்பதற்காக, அவள் பங்கையும் சேர்த்து நாமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

"கோகிலா, மாத்திரை கொண்டாந்திருக்கேன் சாமி. அவசரமில்லை, மெதுவா வா. கதவை மட்டும் கொஞ்சம் திறக்கறயா?"